கோரம்

அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஓர் உதவிபெறும் பள்ளி,
ஒன்பதாம் வகுப்பு, ‘பி’ பிரிவு.
வரலாற்றாசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு,
சனிக்கிழமை, மூன்று மணி.
விதிப்படி பதினைந்து பேர் வேண்டும்.
வந்தது ஏழு.
மற்றவர்கள் சில்க்போர்டு சந்திப்பில் நிற்கிறார்களாம்.
போன வருடமும் அங்கேதான் நின்றார்கள்.

“கோரம் இல்லை” என்றார் மல்லிகார்ஜுனய்யா,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

செயலாளராகி நான்கு வருடம்,
இன்னும் அந்தச் சொல் என் காதில் ஒருமுறை இடறும்.
கன்னடத்தில் அதற்கு வேறு எழுத்து,
கொடுமைக்கு வேறு எழுத்து.
தமிழில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஏழாம் விதி, உட்பிரிவு இரண்டு:
அரை மணி கழித்து அதே இடத்தில் கூடினால்
இருப்பவர்களே கோரம்.
எழுதியவர் யாரோ,
பாடப்புத்தகக் குழுவில் இருந்திருப்பார்.

ஆக, அரை மணி.
நஸ்ரின் தாஜ் விடைத்தாள் கட்டைப் பிரித்தாள்.
(“முதல் பானிப்பட்டுப் போர் பானிப்பட்டில் நடந்தது.
அரை மார்க் போடலாமா?”)
பொருளாளர் பிலோமினா
இரும்பு பீரோவிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினாள்,
சங்கத்துக்கு வயது நாற்பதா நாற்பத்தொன்றா என்று
தணிக்கையாளர் கேட்டிருக்கிறார்.
வரலாற்று ஆசிரியர் எழுவர் விழித்தோம்.

என் கைக்கு வந்தது தொண்ணூற்றொன்று.
வருகைப் பதிவில் பதினெட்டாவது பெயர்
ஞானசிகாமணி, காக்ஸ் டவுன்.
ஜனவரி முதல் நவம்பர் வரை தமிழில் கையெழுத்து,
‘ணி’யின் கொம்பு
அடுத்தவர் கட்டத்துக்குள் போய் வளையும்.
டிசம்பரில் யாருடைய கையெழுத்தும் இல்லை.
பிப்ரவரியில் அவர் இருக்கிறார்,
கன்னடத்தில்.
ஒன்றாம் வகுப்பு நகல் நோட்டைப் போல
வட்டம் வட்டமாக, கோட்டுக்குள் அடங்கி.

ஒரு சான்றை வைத்து முடிவு கட்டாதே,
வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதும் வரி.
பதவி உயர்வுக்குக் கன்னடத் தேர்வு எழுதியிருக்கலாம்.
பக்கத்து நாற்காலிக்காரர் ஆசையாகக் கற்றுத் தந்திருக்கலாம்.
காவிரித் தீர்ப்புக்குப் பிந்தைய அந்த வாரத்தில்
வாசற்பலகையை அவரே கழற்றி உள்ளே வைத்திருக்கலாம்.
“எவையேனும் ஐந்து காரணங்களைக் கூறுக” என்றால்
மூன்று கிடைத்துவிட்டது.

அந்த டிசம்பர்க் குறிப்பு ஒரே வரி.
கன்னடத்தில் தெளிவாக, பிழையில்லாமல்:
போதிய எண்ணிக்கை இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு.
பழக்க தோஷத்தில்
என் கச்சா நோட்டில் தமிழில் பெயர்த்தேன்.

டிசம்பர் 1991. கோரம் இல்லை.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
அடித்துத் திருத்த ஒன்றுமில்லை,
மொழிபெயர்ப்பு சரிதான்.

“யாரைத் தேடறீங்க?” என்றார் மல்லிகார்ஜுனய்யா.
பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
“நல்லா வரைபடம் போடுவார்” என்றார்,
“கங்கையை ஒரே இழுப்பில்.”
பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றரை. இருப்பவர்களே கோரம்.
சந்தா நூற்றைம்பதாக உயர்ந்தது.
வாரப் பாடவேளையை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்ததற்கு
வழக்கமான கண்டனம், வழக்கமான நகல்கள்.
சங்கத்தின் வயது நாற்பது என்று
ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

இரவு நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.
‘மூன்று மணிக்குப் போதிய எண்ணிக்கை இல்லை.
மூன்றரைக்குக் கூட்டம் தொடங்கியது.’
இடையில் ஒரு முற்றுப்புள்ளி.
நானும் அதைத்தான் வைத்தேன்.

செலவுக் கணக்கில் மட்டும்
வருகை ஏழு, தேநீர் எட்டு.
மல்லிகார்ஜுனய்யா இரண்டு குடித்தார்.
அதை நான் குறிக்கவில்லை.
பின்னால் வருகிறவர்கள்
ஐந்து காரணங்களைக் கூறட்டும்.